அந்தமானில் ஏழு இரவு: திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: சென்னையிலிருந்து கணவன், மனைவி, 13 வயதுப் பையன். பள்ளி விடுமுறையில்தான் கிளம்ப முடியும். அப்பாவும் பையனும் ஸ்கூபா டைவிங்கை முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறார்கள். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. காடும் பறவையும் பிடிக்கும். டிராவல்ஸ்காரர் ஐந்து இரவுத் திட்டம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்: போர்ட் பிளேர் 2, ஹேவ்லாக் தீவு 2, நீல் தீவு 1. கடைசி நாள் காலை 7 மணிக்கு நீலில் டைவிங், பத்தரைக்குப் படகு, பிற்பகல் 3 மணிக்கு விமானம். இது சரிவருமா?

வராது. அந்தக் கடைசி நாள் ஆபத்தானது, மீதி ஐந்து நாளும் வீண் அலைச்சல்.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆழத்தில் அழுத்தத்தோடு காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்தபின் அது மெல்ல மெல்ல, மணிக்கணக்கில், மூச்சு வழியாக வெளியேற வேண்டும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஊட்டி உயரத்தில் இருப்பதுபோலத்தான். நைட்ரஜன் வெளியேறுமுன் அங்கே போய் உட்கார்ந்தால், கோலி சோடாவை உடைத்தமாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகக்கூடிய அழுத்தநோய் அது. ஒரே ஒரு டைவ் என்றால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து சில நாள் டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பயிற்சி அமைப்புகள் சொல்லும் கணக்கு. விவரம் தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 24 மணி நேரம் விடுவார்கள். உங்கள் திட்டத்தில் இருப்பது எட்டு மணி நேரம்.

இரண்டாவது பிழை, விமானம் ஏறும் நாளில் படகுப் பயணம். காற்று கிளம்பினால் தனியார் படகுகள் ரத்தாகும். 2016 டிசம்பரில் புயல்சின்னம் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டிவந்தன. அவ்வளவு பெரிய சம்பவம் எப்போதோ ஒருமுறைதான் நடக்கும். ஆனால் ஒரு படகு ரத்தாகி, அதில் வரவேண்டிய இருநூறு பேரும் அடுத்த அரசுப் படகின் டிக்கெட் ஜன்னலில் மொய்ப்பது சாதாரணமாக நடப்பதுதான். படகுக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தவறிய விமானத்துக்கு அவர் பொறுப்பில்லை.

ஆகவே அந்தமான் திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். விமானம் என்றைக்கு? அதற்கு முந்தின இரவு கட்டாயம் போர்ட் பிளேரில். படகுக்கு என்று ஒரு நாள், அது கைவிட்டால் இன்னொரு நாள். அதற்கு முன்னால் கடைசி டைவ். உங்களுக்கு நான் போட்டுத் தருவது ஏழு இரவு: ஹேவ்லாக்கில் ஐந்து, போர்ட் பிளேரில் இரண்டு. நீல் வேண்டாம். அழகான தீவுதான், ஆனால் கோர்ஸ் செய்கிறவர்களுக்கு அங்கே போய்வருவது ஒரு நாளை விழுங்கிவிடும்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஹேவ்லாக்குக்கு 2018 முதல் அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப், நீலுக்கு ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் இடம் ஒன்றுதான். பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்.

எந்த மாதம்?

பள்ளி விடுமுறை என்றால் உங்களுக்கு இரண்டே வாய்ப்பு: அரையாண்டு விடுமுறை, கோடை விடுமுறை. எல்லோரும் டிசம்பர் கடைசி வாரத்தில் போகிறார்கள். வெயில் இதமாக இருக்கும், உண்மை. ஆனால் அறை வாடகையும் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும், டைவிங் படகில் நெரிசல் இருக்கும். அதோடு டிசம்பர், ஜனவரியில் அடிப்பது வடகிழக்குக் காற்று. ஹேவ்லாக்கின் டைவிங் கடைகள் எல்லாம் கோவிந்த் நகர், விஜய் நகர் என்று வடக்கு, கிழக்குக் கரையில்தான் இருக்கின்றன. அந்தக் காற்று நேராக அங்கேதான் வந்து மோதும். மேற்குக் கரையில் ராதாநகர் தெப்பக்குளம்போல இருக்கும்போதே கிழக்கில் கடல் கலங்கிக் கிடக்கலாம்.

பிப்ரவரியிலிருந்து காற்று தணிகிறது. மார்ச், ஏப்ரலில் கடல் பல நாள் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். பையன் பள்ளியை வைத்துப் பார்த்தால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே 10-க்குள் போய்வந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை இந்தியாவிலேயே முதலில் தொடுவது அந்தமானைத்தான். பெரும்பாலும் மே மூன்றாம் வாரம். அதற்குச் சில நாள் முன்பே கடல் புரளத் தொடங்கிவிடும். கோடையில் கரையில் புழுக்கம் கொல்லும் என்பதை மறைக்கவில்லை. தண்ணீருக்குள் 29, 30 டிகிரி. பையன் முக்கால் மணி நேரம் கடலில் இருந்தாலும் நடுங்க மாட்டான்.

அந்தச் சூட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2010-லும் 2016-லும் கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகி அந்தமான் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. ஆழம் குறைந்த இடங்களில் இருந்த கிளைப்பவளங்கள் நிறையச் செத்தன. படத்தில் பார்த்த வண்ணத் தோட்டம் ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சில் இடுப்பளவு தண்ணீரிலேயே கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். மீன் நிறைய இருக்கும். பவளம் பார்க்கக் கொஞ்சம் இறங்க வேண்டும்.

மாதத்தைவிட நான் அழுத்திச் சொல்வது திதியை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதமும் வற்றும் பெரிதாக இருக்கும். அந்தத் தண்ணீர் தீவுகளுக்கு இடையே ஓடும்போது நீரோட்டம் இழுக்கும், மண்ணைக் கிளப்பும், கண்பார்வை தூரம் குறையும். அரைநிலா நாட்களில் நீரோட்டம் தளரும். நிலவுக்கு ஓரிரு நாள் பின்தங்கித்தான் கடல் நடக்கும் என்பதால் அஷ்டமி, நவமி, தசமி மூன்றும் புதியவர்களுக்கு ஏற்றவை. நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று ஒதுக்கும் அஷ்டமி நவமியில்தான் கடலில் இறங்க வேண்டும் என்பது வேடிக்கைதான். தேதி குறிக்கும்போது தினசரிக் காலண்டரை எடுத்து, நாலு டைவ் நாளும் அரைநிலாவைச் சுற்றி விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் பயணத்தையே நான்கைந்து நாள் நகர்த்துங்கள். மாறாக, இரவில் துடுப்பு போட்டால் தண்ணீர் நீலமாக மினுங்கும் காட்சிக்கு நிலவில்லாத இரவு வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் முழுசாகக் கிடைக்காது. டைவிங்குக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கோர்ஸ்: பாதியை வீட்டிலேயே முடியுங்கள்

அறிமுக டைவ் என்பது வேறு, ஓபன் வாட்டர் கோர்ஸ் என்பது வேறு. முதலாவதில் நீச்சல் தேவையில்லை. பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட்டிப்போவார்; 12 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டாவது, உலகம் முழுக்கச் செல்லும் சான்றிதழ். 18 மீட்டர் வரை. 10 வயது முதல் சேரலாம். உங்கள் பையனுக்கு 13 என்பதால் ஜூனியர் சான்றிதழ் கிடைக்கும். அவனும் 18 மீட்டர் போகலாம், ஆனால் 15 வயது வரை சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். நீங்களும் சேர்ந்து முடிப்பதால் அந்தப் பெரியவர் நீங்களே.

கோர்ஸில் மூன்று பகுதி: பாடம், அமைதியான ஆழம் குறைந்த நீரில் பயிற்சி, கடலில் நாலு டைவ். பாடத்தை இணையத்திலேயே படிக்கலாம். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதை ஹேவ்லாக்கில் போய் ஏசி அறையில் உட்கார்ந்து படிப்பது பணத்தை வீணாக்குவது. நீச்சல்குளப் பயிற்சியையும் சென்னையிலோ பெங்களூருவிலோ முடித்து, மீதியைக் கடலில் முடிக்கும்படி பரிந்துரைக் கடிதம் வாங்கும் வழியும் உண்டு. நாள் குறைவாக உள்ளவர்களுக்கு அது நல்லது. உங்களுக்கு ஐந்து இரவு இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே பயிற்றுநரிடம் ஹேவ்லாக்கிலேயே செய்யலாம்.

நீச்சல் தேர்வு இருக்கிறது: 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கணக்கு இல்லை, பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். அபார்ட்மென்ட் குளத்தில் இரண்டு சுற்றுக்கு மூச்சு வாங்குகிறவர் இன்றே பயிற்சியைத் தொடங்குங்கள். அங்கே போய்த் தோற்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள்தான்.

மருத்துவப் படிவத்தை இப்போதே கேட்டு வாங்கி நிரப்புங்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை, வலிப்பு, சமீபத்திய மூச்சுத்தொற்று என்று ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' போட்டால் டாக்டர் கையெழுத்து கட்டாயமாகலாம். சென்னையில் அரை மணி நேரத்தில் முடியும் அந்தக் கையெழுத்துக்கு ஹேவ்லாக்கில் ஒரு நாள் அலைய வேண்டியிருக்கும். டைவ் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறவர்கள் உண்டு. ஆஸ்துமாவை மறைத்து 18 மீட்டர் இறங்குவது படிவத்தை ஏமாற்றுவது அல்ல, நுரையீரலோடு சூதாடுவது.

காதும் முகக்கண்ணாடியும்

கோர்ஸில் திணறுகிறவர்கள் திணறுவது இந்த இரண்டில்தான். சுறா, ஆழம், இருட்டு எதிலும் இல்லை.

நீர்மட்டத்தில் அழுத்தம் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 10 மீட்டரில் 2 பார். அதாவது முதல் 10 மீட்டருக்குள்ளேயே காதுக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்த பத்து மீட்டரில் மூன்றில் ஒன்றாகிறது, மாற்றம் குறைவு. ஆகவே காதை வதைப்பது ஆழம் அல்ல, மேலே உள்ள முதல் ஐந்து மீட்டர். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினால் காதுக்குள் 'பொட்' என்று திறக்கும். வலி வந்தபின் செய்வதில் பயனில்லை, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலை நீரில் மூழ்குமுன் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை. ஒட்டிக்கொண்டால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பலமாக ஊதவே கூடாது. இறங்கும்போது தலை மேலும் கால் கீழுமாக, நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் பாதிப் பேருக்குச் சிக்கலே வராது.

சளி பிடித்திருந்தால் அன்று டைவ் இல்லை. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்து, விரிந்த காற்று வெளியேற வழியின்றி ஏறும்போது காதும் நெற்றியும் பிளக்கும். திட்டத்தில் உதிரி நாள் ஒன்று விடச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

முகக்கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்க: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சி, கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் சரி. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் கசியும். மீசையின் மேல்விளிம்பை மூக்கடியில் கொஞ்சம் மழித்தால் போதும், அல்லது வாஸ்லின். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்காது, கூடும். சிலிகான் விளிம்பு நெளிந்துவிடும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், பவர் உள்ள முகக்கண்ணாடி பல கடைகளில் இருக்கும். புதிதாக வாங்கினால் உள்பக்கத்தில் தொழிற்சாலை எண்ணெய்ப் படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் நாலைந்து முறை தேய்த்துக் கழுவாவிட்டால் ஆவி படிந்துகொண்டே இருக்கும்.

கண்ணாடிக்குள் தண்ணீரை நிரப்பி வெளியேற்றும் பயிற்சிதான் அழவைப்பது. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்துங்கள். தலையைச் சற்று அண்ணாந்து, மூக்கால் நீளமாக வெளிவிடுங்கள்; தண்ணீர் கீழ்விளிம்பு வழியாகப் போய்விடும். பதற்றத்துக்குக் காரணம் கண்ணில் படும் உப்புநீர் அல்ல. மூக்கு நனைந்தவுடன் மூச்சை நிறுத்தும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. வீட்டிலேயே இதைப் பழக்கலாம்: ஒரு வாளி தண்ணீர், ஸ்நார்க்கல் குழாய் மட்டும், கண்ணாடி இல்லாமல் முகத்தை அமிழ்த்தி வாயால் இரண்டு நிமிடம் சுவாசியுங்கள். பையனுக்கு ஒரு வாரத்தில் விளையாட்டாகிவிடும்.

காற்று எவ்வளவு நேரம் வரும்? ஹேவ்லாக்கில் கிடைப்பது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர், 200 பார். 50 பாரோடு மேலே வர வேண்டும் என்பது விதி, ஆகவே செலவழிக்க 150 பார்: 11 × 150, ஏறக்குறைய 1650 லிட்டர். புதியவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பார் என்று வைத்தால், 12 மீட்டரில் அழுத்தம் 2.2 பார் என்பதால் 44 லிட்டர். 37 நிமிடம் வருகிறது. பதற்றத்தில் கையைக் காலை உதறினால் 20 என்பது 30 ஆகி, 25 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு மெதுவாக உதைக்கிறவருக்குக் காற்று நிற்கும். மூச்சை மட்டும் பிடித்து வைக்கக் கூடாது. ஏறும்போது மூச்சடக்கினால் விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கும். கோர்ஸில் நூறு விதி சொல்வார்கள், உயிர்விதி இந்த ஒன்றுதான்.

கடையைத் தேர்வது

விலையை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள். போன் செய்து கேட்க வேண்டியவை: பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் (நாலுக்கு மேல் என்றால் வேண்டாம்)? படகில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா? பயிற்றுநரின் எண் என்ன? பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. என்ற இரண்டு பயிற்சி அமைப்புகளிலும் அந்த எண்ணை அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம். அறிமுக டைவ் என்றால் ஒருவருக்கு ஒருவர் என்பதே சரி. நேரில் போனதும் ரெகுலேட்டரில், அதாவது வாயில் வைத்துச் சுவாசிக்கும் கருவியில், நாலு மூச்சு இழுத்துப் பாருங்கள்; காற்றுக்கு வாசனையே இருக்கக் கூடாது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் கம்ப்ரஸர் வடிகட்டி போய்விட்டது என்று அர்த்தம், அந்தச் சிலிண்டர் வேண்டாம். மிதவைச் சட்டையில் காற்றேற்றும் பொத்தானை அழுத்தி விடுங்கள். விட்ட பிறகும் உஸ்ஸென்று ஏறிக்கொண்டிருந்தால் அது ஒட்டிக்கொள்கிற பொத்தான், அடியில் உங்களை ராக்கெட்போல மேலே தூக்கும்.

ஹேவ்லாக்கில் மருத்துவ வசதி குறைவு. அழுத்தநோய்க்குச் சிகிச்சை தரும் அறை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில். சாதாரணப் பயணக் காப்பீடு பல சமயம் ஸ்கூபாவை விலக்கியிருக்கும். டைவிங் காப்பீட்டைத் தனியாக எடுங்கள்.

எங்கே இறக்குவார்கள் என்பது அன்றைய கடலைப் பொறுத்தது. தொடக்கப் பயிற்சிக்கு நீமோ ரீஃப். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், கோமாளி மீன் இருக்கும். பிறகு லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்ற மிதமான ஆழங்கள். டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று படகுக்காரர்கள் பெருமையடிக்கும் இடங்கள் 20 மீட்டருக்குக் கீழே உள்ளவை. பாரைக் கூட்டம், சீலாக் கூட்டம், களவா, சங்கரா எல்லாம் அங்கேதான். கோர்ஸ் முடித்த மறுநாள் அங்கே போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அவை அடுத்த படிச் சான்றிதழுக்கானவை.

மீன்களில் ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். நம் பக்கத்துக் கிளாத்தி இனத்தில் பெரியதாக, முக்கால் மீட்டர் வரை வளரும் டைட்டன் ட்ரிகர். மணலில் குழி பறித்து முட்டை வைத்திருக்கும்போது நாயைப்போலத் துரத்திக் கடிக்கும். அது தன் எல்லையாகக் காப்பது குழியிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் வடிவத்தை. பயந்து மேலே போனால் அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். காலில் மாட்டிய துடுப்பை அதன் பக்கம் நீட்டியபடி, தரையோடு பக்கவாட்டில் விலகுங்கள். சிங்கமீன் முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில், அரை மணி நேரத்துக்கு மேல் முக்கிவைப்பதுதான் முதலுதவி, ஐஸ் கூடாது.

நாள்வாரியாக

முதல் நாள் சென்னையிலிருந்து காலை விமானம். இரண்டே கால் மணி நேரம். இறங்கும் நேரத்துக்கும் படகுக்கும் மூன்று மணி நேரமாவது விடுங்கள். தனியார் படகுகள் ஹேடோ துறையிலிருந்தும் அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும் கிளம்புகின்றன. ஆட்டோக்காரரிடம் துறையின் பெயரைத் தெளிவாகச் சொல்லாமல் படகைத் தவறவிட்டவர்கள் ஏராளம். அசல் அடையாள அட்டை மூவருக்கும் வேண்டும். தனியார் படகில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை. கடல்மயக்கம் வருகிறவர் மாத்திரையைப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன் போட வேண்டும். வாந்தி தொடங்கியபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

2-ம் நாள் ஆழமில்லா நீரில் பயிற்சி, 3, 4-ம் நாள் இரண்டிரண்டு டைவ், 5-ம் நாள் உதிரி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் உதிரி நாள் காலையில் சும்மா மகிழ்ச்சிக்கு ஒரு டைவ். 6-ம் நாள் முற்பகல் படகில் போர்ட் பிளேர், 7-ம் நாள் அங்கே, 8-ம் நாள் விமானம். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே முழுசாக இரண்டு நாள். படகு ஒருநாள் ரத்தானாலும் விமானம் தப்பாது.

ஒன்றை மனதில் வையுங்கள்: அந்தமான் நம்மைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் கிழக்கே இருந்தும் அதே இந்திய நேரம்தான். மே மாதம் காலை 5 மணிக்கே சூரியன் வந்துவிடும், மாலை ஐந்தரையை ஒட்டி மறைந்துவிடும். டைவிங் படகுகள் காலை 6, 7 மணிக்குக் கிளம்புவது அதனால்தான். ராதாநகரில் அந்தி பார்க்க ஆறு மணிக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம்; நாலு மணிக்குப் போங்கள்.

உங்கள் மனைவிக்கு

நீங்கள் இருவரும் காலையெல்லாம் கடலில் இருப்பீர்கள். அவருக்கு அறிமுக டைவ் ஒன்று நிச்சயம் வைக்கலாம். அதை 5-ம் நாளுக்குத் தள்ளுங்கள், நீங்கள் முடித்துத் திரும்பிய முகத்தைப் பார்த்தபின் பயம் பாதி குறைந்திருக்கும். மற்ற காலைகளில் காடு. ராதாநகர் கடற்கரையை ஒட்டிக் கடல் மஹுவா மரங்கள் வானுயர நிற்கும் காடு இருக்கிறது. அதிகாலை ஐந்தரைக்குப் போனால் அந்தமானில் மட்டுமே வாழும் கரிய பெரிய மரங்கொத்தியின் தட்டல் கேட்கும். எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் போகாமல் காட்டுவழியே நடந்தால் சுமார் இரண்டு கிலோமீட்டர். மழை பெய்திருந்தால் சேறும் அட்டையும்.

குளிப்பதற்கு ஒரு எச்சரிக்கை. சதுப்புக் காட்டு வாய்க்கால்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ராதாநகர் பக்கத்து நீல்ஸ் கோவில் ஓர் அமெரிக்கப் பயணி முதலையால் இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும் ஓடை கடலில் சேரும் இடத்திலும் இறங்காதீர்கள், மங்கிய வெளிச்சத்தில் எங்குமே வேண்டாம். கிழக்குக் கரையில் வற்று நேரத்தில் கடல் நூறு இருநூறு மீட்டர் பின்வாங்கிப் பாறைத்தரையாகக் கிடக்கும். அப்போது நீந்த முடியாது, நடந்தால் கடல் முள்ளெலியும் கூர்ப்பவளமும் கிழிக்கும்.

7-ம் நாள் அவருடையது. வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஜாலி பாய் தீவுக்குப் படகு போகும். கண்ணாடித்தளப் படகில் நீச்சல் தெரியாதவரும் பவளம் பார்க்கலாம். நவம்பர் முதல் மே வரை ஜாலி பாய், மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின். திங்கட்கிழமை விடுமுறை. அனுமதிச் சீட்டு முன்கூட்டி வாங்க வேண்டும், பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பறவைதான் முக்கியம் என்றால் அதை விட்டுவிட்டு அதிகாலையில் சிப்பிகாட் போங்கள். 2004 சுனாமியின்போது தென் அந்தமான் நிலம் தாழ்ந்து, அங்கே வயல்களில் உப்புநீர் ஏறி நின்றுவிட்டது. விவசாயிகளுக்கு அது பேரிழப்பு. இன்று அந்தமான் வாத்துகளும் கரைப்பறவைகளும் இரை தேடும் சதுப்பு. மாலைக்கு 25 கிலோமீட்டர் தெற்கே சிடியா டாப்பு. இருட்டியபின் ஆந்தைகளுக்காகவே வழிகாட்டியோடு வருகிறவர்கள் உண்டு. பாராடாங் தீவுக்கு இழுத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடலாம்: ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டு வழியே, வண்டிகளை வரிசையாகக் கட்டி அழைத்துப் போகும் முழுநாள் பயணம். அவர்களைப் படம் எடுப்பதும் பொருள் கொடுப்பதும் குற்றம்.

செலவு, மூவருக்கும், ஏறக்குறைய: விமானம் 36,000 ரூபாய்; படகு இருவழியும் 10,000; அறை ஏழு இரவு 32,000; கோர்ஸ் இருவருக்கு 60,000; அறிமுக டைவ் 5,500; சாப்பாடு 21,000; உள்ளூர் வண்டியும் இதரவும் 15,000. ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை ஒட்டி வரும். டிசம்பர் கடைசியில் விமானமும் அறையும் இன்னும் ஏறும். 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்டபின் இணையம் தேறிவிட்டது, ஹேவ்லாக் வரை. இருந்தாலும் ஜிபே ஓடாத நேரம் வரும். ஏடிஎம் சில இருந்தும் பணம் தீர்ந்திருக்கும். கையில் இருபதாயிரமாவது ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு விடுதியை விட்டு வெளியே வாருங்கள். ஹேவ்லாக் மக்கள் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து குடியேற்றப்பட்டவர்கள். சந்தைப் பக்கத்துச் சின்ன மெஸ்களில் கடுகெண்ணெய் மீன்குழம்பும் சோறும் நன்றாக இருக்கும். போர்ட் பிளேர் போய்விட்டால் தமிழே போதும். பாதிக் கடைகளில் பேச ஆள் உண்டு.

சன்ஸ்கிரீனைவிட முழுக்கை நீச்சல்சட்டை நல்லது, பவளத்துக்கும் உங்களுக்கும். மாலையில் கடற்கரை மணலில் படுக்காதீர்கள், மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். துண்டு விரிப்பதைவிட நாற்காலி மேல்.

ஊர் திரும்பும் முந்தின இரவு பையனின் கால்சட்டைப் பையையும் செருப்புப் பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டும் பெரிய சங்கும் வனவிலங்குச் சட்டத்தில் வரும். விமான நிலைய ஸ்கேனரில் பவளமும் சங்கும் தனியாகத் தெரியும், பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கடையில் வாங்கிய சங்கு என்றால் ரசீது கையில் இருக்கட்டும்.